பனிவண்டியில் எங்கே உட்காருவது?

டெல்லி, சண்டிகர் பக்கம் வேலை பார்க்கும் நம்மவர்கள் குளிர்கால லீவு விட்டதும் குடும்பத்தோடு குல்மார்க் கிளம்பிவிடுவார்கள். திரும்பி வந்ததும் போட்டோ காட்டுவார்கள். அதில் கண்டிப்பாக ஒரு படம் இருக்கும்: பனியில் புர்ரென்று போகும் ஒரு வண்டி, ஓட்டுபவர் முன்னால், நம்மாள் பின்னால் அவர் இடுப்பைக் கட்டிப் பிடித்தபடி. அங்கே அதை ஸ்னோ பைக் என்பார்கள், ஸ்னோ ஸ்கூட்டர் என்பார்கள். சியாச்சினில் நம் ராணுவமும் இந்த வகை வண்டியைத்தான் பயன்படுத்துகிறது. உலகத்தில் மற்ற இடங்களில் இதற்கு ஸ்னோமொபைல் என்று பெயர்.

இந்த வண்டியின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் இஞ்சினைப் பற்றியும் பேடண்ட் பற்றியும்தான் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். எனக்கு சுவாரஸ்யமாகத் தெரிவது வேறொரு சமாச்சாரம். ஓட்டுகிறவர் இதில் எங்கே, எப்படி உட்கார்ந்தார்? நூறு வருஷத்துக்குள் அந்த இடம் பலமுறை மாறிவிட்டது. ஒவ்வொரு தடவையும் ஜனங்கள் புதிதாகப் பழக வேண்டியிருந்தது. உடம்பு பழகியதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. சில ஊர்களில் பிழைப்பையே மாற்றிப் பழக வேண்டி வந்தது.

டெல்லி மெட்ரோ பெட்டிகளில் பொம்பார்டியர் என்ற பெயரைப் பார்த்திருப்பீர்கள். (அந்த ரயில் பிரிவு 2021-ல் ஆல்ஸ்டம் கைக்குப் போய்விட்டது.) கம்பெனியின் ஆதி வியாபாரம் ரயிலும் இல்லை, விமானமும் இல்லை, பனிவண்டிதான். கனடாவின் கியூபெக் மாநிலத்தில் வால்கூர் என்ற சின்ன ஊர். ஜோசப்-அர்மாண்ட் பொம்பார்டியர் அங்கே கராஜ் வைத்திருந்த மெக்கானிக். 1907-ல் பிறந்தவர். 15 வயதிலேயே பழைய ஃபோர்டு இஞ்சின் ஒன்றை சறுக்குவண்டியில் பூட்டி, பின்னால் விமானத்துக்கு இருப்பதுபோல் ஒரு காற்றாடியை வைத்து, தம்பியோடு தெருவில் ஓட்டியிருக்கிறார். அப்பா பார்த்துவிட்டு, உடனே கழற்றிப் போடு என்று சொல்லிவிட்டாராம். எந்த ஊர் அப்பாவாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்!

1934 குளிர்காலத்தில் அவருடைய இரண்டு வயது மகன் இவோனுக்குக் குடல்வால் பிரச்சினை. ரோடெல்லாம் பனி மூடிக் கிடக்க, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லை. குழந்தை இறந்துவிட்டது. அதற்கு முன்பிருந்தே பனிவண்டி முயற்சியில் இருந்தவர்தான். அடுத்த சில வருஷங்களில் பல்சக்கரமும் ரப்பர் பட்டையும் சேர்ந்த அமைப்பை உருவாக்கி 1937-ல் பேடண்ட் வாங்கினார். பி-7 என்ற வண்டி வந்தது. ஏழு பேர் உள்ளே உட்காரலாம். முன்னால் சறுக்குக் கட்டைகள், பின்னால் டாங்க் மாதிரி பட்டை, மேலே மூடிய கூண்டு. பார்த்தால் குட்டி வேன். டாக்டர் போனார், தபால் போனது, பள்ளிக்கூடப் பிள்ளைகள் போனார்கள். காரில் உட்காருகிற மாதிரியே உட்கார்ந்ததால் யாரும் எதையும் புதிதாகப் பழக வேண்டியிருக்கவில்லை.

1948-ல் கியூபெக் அரசு கிராமத்து ரோடுகளிலும் பனியை வாரி ஒதுக்க முடிவு செய்ததும் அந்த வியாபாரம் படுத்துவிட்டது. அவரும் காட்டு வேலைக்கான கனரக வண்டிகள் பக்கம் போய்விட்டு, 1959-ல் திரும்பவும் சின்ன வண்டிக்கு வந்தார். ஸ்கீ-டூ. ஒருவர் அல்லது இருவர் போகலாம். முன்மாதிரி வண்டிகளில் ஒன்று வடக்கு ஒண்டாரியோவின் லான்ஸ்டவுன் ஹவுஸ் என்ற இடத்தில் பழங்குடியினர் மத்தியில் பணியாற்றிய பாதிரியார் மோரிஸ் உய்மேயிடம் போனது. முதல் பருவத்தில் விற்றது 225 வண்டிகள். பொம்பார்டியர் 1964-ல் இறந்தார். 1970-களின் தொடக்கத்தில் வட அமெரிக்காவில் எல்லாக் கம்பெனிகளும் சேர்ந்து வருஷத்துக்கு ஐந்து லட்சத்தை நெருங்கி விற்றன. மிஷனரிக்கும் வேட்டைக்காரருக்கும் என்று செய்தது ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோக்காகிவிட்டது.

இங்கே உட்காரும் விதம் முக்கியம். இஞ்சின் மூக்கில். அதற்குப் பின்னால் நீளமான தாழ்வான சீட். கால்களை முன்னால் நீட்டி, முதுகைக் கொஞ்சம் பின்னால் சாய்த்து உட்கார வேண்டும், ஈஸி சேர் மாதிரி. கியர் கிடையாது, பெல்ட் டிரைவ். நம்ம கைனடிக் ஹோண்டா போல. ஆனால் ஆக்ஸிலேட்டரை முறுக்கக் கூடாது, வலது கட்டைவிரலால் அழுத்த வேண்டும். சமவெளியில் ஜாலியாகப் போகலாம். மேடு பள்ளம் வந்தால்? டவுன் பஸ்ஸில் கடைசி சீட்டில் போனவர்களுக்கு நான் விளக்கவே வேண்டாம். பின் சக்கரத்துக்கும் பின்னால் உட்கார்ந்திருப்பவரைத்தான் பஸ் கூரை வரை தூக்கிப் போடும். நடுவில் இருப்பவர் நிம்மதியாகத் தூங்குவார். ஸ்கீ-டூ ஓட்டியவர்கள் எல்லோரும் கடைசி சீட்டில் இருந்தார்கள். காலும் நீட்டியிருப்பதால் அடி முழுக்க முதுகெலும்புக்கு.

இதை முதலில் கண்டுகொண்டு மாற்றியவர்களில் வடக்கு பின்லாந்தின் ஸ்கோல்ட் சாமி மக்களைச் சொல்ல வேண்டும். ரெயின்டீர் என்கிற துருவ மான்களை மேய்த்து வாழ்ந்தவர்கள். அவர்களுடைய பூர்வீக நிலம் பெட்சாமோ, இரண்டாம் உலகப்போரின் முடிவில் சோவியத் கைக்குப் போனது. அங்கிருந்து வந்தவர்களில் பலருக்கு 1949-ல் செவெட்டியார்வி என்ற பகுதியில் வீடு கிடைத்தது. பெர்ட்டி பெல்டோ என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1950-களின் கடைசியில் அவர்களோடு தங்கி ஆராய்ந்தவர். அப்போது பயணமெல்லாம் மான் இழுக்கும் சறுக்குவண்டியும் காலில் கட்டும் சறுக்குக் கட்டையும்தான். 1962-63 குளிர்காலத்தில் அங்கே ஒரு பள்ளிக்கூட வாத்தியார் கனடா ஸ்கீ-டூ ஒன்றை வாங்கினார். ஊருக்குள் வந்த முதல் வண்டி அதுதான். பெல்டோ மறுபடி போய்ப் பார்த்து 1973-ல் 'ஸ்னோமொபைல் புரட்சி' என்ற பொருளில் தலைப்பிட்டு ஒரு புத்தகம் எழுதினார். தொழில்நுட்பமும் சமூகமும் பற்றிப் படிக்கிறவர்கள் இன்றும் அதை எடுத்துக்காட்டுகிறார்கள்.

வண்டியை வடிவமைத்தவர்கள் நினைத்தது வேறு, லாப்லாந்து நிலம் வேறு. அங்கே பாறை, மரக்கட்டை, பனிக்குள் ஒளிந்திருக்கும் மேடுகள். தாழ உட்கார்ந்தால் முன்னால் என்ன வருகிறது என்றும் தெரியாது, தூரத்தில் மான் நிற்பதும் தெரியாது. அதனால் சாமி ஆட்கள் உட்காரவே இல்லை. நின்றுகொண்டோ, ஒரு முழங்காலை சீட்டில் ஊன்றி மறு காலைப் பக்கப் பலகையில் வைத்துக்கொண்டோ ஓட்டினார்கள். முழங்கால் ஸ்பிரிங் வேலை செய்தது. சரிவில் போகும்போது உடம்பை மேட்டுப்பக்கம் சாய்க்கவும் வசதி. ஆனால் பாறையில் மோதினால் ஆள் எகிறி விழுவதும் சுலபம். எந்த மேனுவலிலும் இல்லாத சவாரி இது.

முன்பு நார்வே பக்கத்துக் கடைக்கு மான்வண்டியில் போய்வர மூன்று நாள் ஆகுமாம். ஸ்னோமொபைலில் ஐந்து மணி நேரம். யாருக்குத்தான் ஆசை வராது? 1971 வாக்கில் ஏறக்குறைய வீட்டுக்கு ஒரு வண்டி வந்துவிட்டது.

விலையைப் பார்ப்போம். வண்டிக்கு ஏறக்குறைய ஆயிரம் டாலர், அந்தக் காலத்து ஆயிரம். பெட்ரோல், பெல்ட், உதிரி பாகம் எல்லாம் காசு கொடுத்து வாங்க வேண்டும். மானுக்குத் தீவனம் காட்டிலேயே பனிக்கடியில் கிடைத்தது. வண்டிக்கு அப்படி ஒன்றும் கிடைக்காது. காசுக்காக மானை விற்றார்கள். அடுத்தது இன்னும் மோசம். இஞ்சின் சத்தத்தில் மிரண்டு ஓடி ஓடி மான்கள் மனிதனை விட்டு விலகின. பழகிய மிருகம் பாதி காட்டு மிருகமாகிவிட்டது. கன்று ஈனுவதும் குறைந்தது. குடும்பத்துக்கு சராசரி 52 மான் இருந்தது 12 ஆனது. மூன்றில் இரண்டு பங்குக் குடும்பங்கள் மேய்ச்சலையே விட்டுவிட்டன. முதலில் வண்டி வாங்க முடிந்தவர்கள், மெக்கானிக் வேலை கைவந்தவர்கள் மேலே போனார்கள். ஏற்றத்தாழ்வு அதிகம் இல்லாத ஊரில் இருப்பவர், இல்லாதவர் என்று கோடு விழுந்தது. வாத்தியார் வாங்கியபோது யாராவது இதை யோசித்திருப்பார்களா?

மேய்ச்சல் செத்துவிடவில்லை. குறைவான ஆட்கள், வேறு முறை. இன்று லாப்லாந்தில் ஸ்னோமொபைல் இல்லாமல் மான் மேய்ப்பதை நினைத்தும் பார்க்க முடியாது.

கனடாவின் வடக்கே இனுயிட் மக்களின் கதையை இதோடு சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். அங்கே மானுக்குப் பதில் நாய். நாய்க்கூட்டம் பனிப்புயலிலும் வீட்டுக்கு வழி கண்டுபிடிக்கும், மெல்லிய பனிக்கட்டியை மோப்பத்தில் உணரும். 1950, 60-களில் நுனாவிக் பகுதியில் போலீசாரும் அதிகாரிகளும் பாதுகாப்பு, நோய் என்று காரணம் சொல்லி நாய்களைச் சுட்டுக் கொன்றார்கள். ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் விசாரித்து 2010-ல் கொடுத்த அறிக்கை ஆயிரத்துக்கும் மேல் என்கிறது. நாய் போனால் வேட்டை போச்சு. கையில் கொஞ்சம் பணம் சேர்ந்தவர்கள் ஸ்னோமொபைல் வாங்கினார்கள், மற்றவர்கள் வீட்டில் முடங்கினார்கள். வண்டிக்குப் பழகினார்கள் என்று நாம் சுலபமாக எழுதிவிடுகிறோம். அதில் எத்தனை பேர் விரும்பிப் பழகினார்கள் என்பது தனிக் கேள்வி. கியூபெக் அரசு 2011-ல் வருத்தம் தெரிவித்தது. கனடா மத்திய அரசின் சார்பில் 2024 நவம்பர் 23-ம் தேதி காங்கிக்சுஜுவாக் என்ற கிராமத்தில் நின்று மன்னிப்புக் கேட்ட அமைச்சர் யார் தெரியுமோ? கேரி ஆனந்தசங்கரி. இலங்கையில் பிறந்த தமிழர். இழப்பீடு நாலரைக் கோடி டாலர்.

சரி, மறுபடி சீட்டுக்கு வருவோம்.

முப்பது வருஷம் கம்பெனிகள் சஸ்பென்ஷனை மேம்படுத்தின, இஞ்சினைப் பெரிதாக்கின, சீட்டை மட்டும் அதே இடத்தில் வைத்திருந்தன. 1990-களின் கடைசியில் ஸ்னோகிராஸ் என்ற பந்தயம் பிரபலமானது. பனியில் மேடு கட்டி வண்டியோடு பறக்கும் பந்தயம். அதில் பிளேர் மார்கன் என்ற கனடாக்காரர் நுழைந்தார். மோட்டார் பைக் பந்தயத்திலிருந்து வந்தவர், அதனால் பைக்கை ஓட்டுவது போலவே ஸ்னோமொபைலையும் நின்றுகொண்டு ஓட்டினார். ஜெயித்துக்கொண்டே இருந்தார். இவர் நிற்கிற இடத்துக்கு ஏற்ப வண்டியைச் செய்தால் என்ன என்று ஸ்கீ-டூ பொறியாளர்கள் வேலை செய்ததில் வந்தது ரெவ். 2003 மாடலாகக் கடைக்கு வந்தது.

ஓட்டுபவரை சுமார் ஓர் அடி முன்னால் கொண்டுவந்தார்கள். சீட் உயரம், ஹேண்டில் உயரம், பாதம் முழங்காலுக்கு நேர் கீழே. கடைசி சீட்டிலிருந்து பஸ்ஸின் நடுவுக்கு மாற்றிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்த்தவுடன் பழைய ஆட்களுக்குப் பிடிக்கவில்லை. ஏதோ ஸ்டூலில் ஏறி உட்கார்ந்த மாதிரி இருக்கிறது, வளைவில் கவிழ்ந்துவிடும் என்று பயம். கண்ணாடி குட்டை, காற்று நேராக நெஞ்சில். மைனஸ் இருபதில் அது சின்ன குறை இல்லை.

பழக்கத்தை மாற்றுவதுதான் கஷ்டம். பழைய வண்டியில் திரும்பும்போது பின்னால் உட்கார்ந்தபடி உடம்பை உள்பக்கம் தொங்கவிட்டு இழுக்க வேண்டும். புதியதில் அப்படி இழுத்தால் வண்டி தேவைக்கு மேல் திரும்பும். எடையை முன்னால் வைத்து, பாதத்தால் அழுத்தினால் போதும். பள்ளம் வந்தால் ஹேண்டிலைப் பிடித்துத் தொங்குவது பழைய வழக்கம். புதியதில் சும்மா எழுந்து நின்றால் வண்டி காலுக்குக் கீழே தானாக ஆடிக்கொள்ளும். சேத்தக்கில் இடது கையால் கியர் மாற்றிப் பழகியவர் கைனடிக் ஹோண்டாவில் ஏறியதும் வெறும் கையை முறுக்கிக்கொண்டு திண்டாடுவாரே, அந்தக் கதைதான். முதுகுவலிக்காரர்கள்தான் இதில் பெரிய லாபம் பார்த்தார்கள். இருபது வயதுப் பந்தயக்காரருக்காகச் செய்த வண்டி ஐம்பது வயதுக்காரரின் இடுப்பைக் காப்பாற்றியது. சில வருஷங்களில் போலாரிஸ், ஆர்க்டிக் கேட், யமஹா எல்லோரும் சீட்டை முன்னால் தள்ளிவிட்டார்கள்.

முழங்காலை மடக்கி, உயர்ந்து, முன்னால் பார்த்து ஓட்டுவது. செவெட்டியார்வியில் நாற்பது வருஷத்துக்கு முன்பே செய்ததுதானே என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. அந்தப் பொறியாளர்கள் லாப்லாந்தைப் பார்த்துச் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் பார்த்தது பந்தயத் திடலை. பொம்பார்டியரின் பனிவண்டிப் பிரிவு 2003 கடைசியில் பி.ஆர்.பி. என்ற தனிக் கம்பெனியானது. அதற்கு வடக்கு பின்லாந்தின் ரோவனியெமியில் ஒரு தொழிற்சாலை இருக்கிறது. லின்க்ஸ் என்ற பெயரில் அங்கிருந்து வரும் வண்டிகளை மான் மேய்ப்பவர்களும் வாங்குகிறார்கள். அவற்றில் ஓட்டுகிறவருக்கு இடம் முன்னால்தான், நிமிர்ந்து உட்கார, வேண்டும்போது எழுந்து நிற்க.