அருங்காட்சியகச் சமூகக் கல்வி

புலம்பெயர்ந்து குடியேறியோரும் பிற பண்பாட்டுச் சமூகத்தினரும் தங்கள் பொருள்கள், நினைவுகள், வழக்கங்கள் வாயிலாக அருங்காட்சியகத்தில் கற்பிப்பதை அருங்காட்சியகச் சமூகக் கல்வி என்பர். கண்காட்சிக்குப் பொருள் தருவது, விளக்கக் குறிப்பு எழுத உதவுவது, வருகையாளர்களுக்கு வழிகாட்டுவது, பட்டறை நடத்துவது ஆகியவை இதில் அடங்கும்.

கிள்ளான் பள்ளத்தாக்கு

இன்றைய மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கில் ஈயம் தோண்டுவதற்காக 1857இல் கிள்ளான் தலைவர் ராஜா அப்துல்லா அனுப்பிய 87 சீனத் தொழிலாளர்கள் அம்பாங்கை அடைந்தனர். ஒரே மாதத்தில் எஞ்சியோர் 18 பேர். மற்றவர்களைக் காய்ச்சல் கொண்டுபோனது. புலம்பெயர்ந்தோர் உயிரைக் கொடுத்துத் தொடங்கிய நகரம் கோலாலம்பூர். இங்கு 1963 ஆகஸ்ட் 31இல் திறக்கப்பட்ட தேசிய அருங்காட்சியகத்தில் 2007 முதல் தொண்டூழியர் குழு இயங்குகிறது. உள்ளூர்வாசிகளும் நகரில் குடியிருக்கும் வெளிநாட்டினரும் பயிற்சி பெற்று, ஆங்கிலம், பிரெஞ்சு, ஜப்பானியம் முதலிய மொழிகளில் மலேசிய வரலாற்றை விளக்குகின்றனர்.

இந்திய மரபுடைமை நிலையம்

தமிழர்களுக்கு நெருக்கமான முன்மாதிரி, சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில், கேம்பல் லேனில் 2015 மே மாதம் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையம். 2018இல் மலாக்கா செட்டிகளைப் பற்றிய கண்காட்சியை அச்சமூகத்துடன் சேர்ந்தே இந்நிலையம் உருவாக்கியது. 2019இல் மலையாளிகள், 2021இல் சீக்கியர்கள் பற்றிய கண்காட்சிகளும் அவ்வாறே அமைந்தன.

மலாக்கா சுல்தான்கள் காலத்தில் குடியேறிய தமிழ் வணிகர்களின் வழிவந்தவர்கள் மலாக்கா செட்டிகள். வீட்டில் பேசுவது மலாய். பெண்கள் கெபாயா என்னும் மலாய் உடையை உடுத்துவர். சைவ வழிபாட்டை மட்டும் விடவில்லை. போகியன்று முன்னோருக்கு வாழையிலையில் படையல் இடுவதை ‘பார்ச்சு’ என்கின்றனர். இலையில் எதை எங்கே வைப்பது, ஏன் வைப்பது என்பதை ஆண்டுதோறும் படைக்கும் குடும்பத்தார் சொல்லும்போது, எந்தக் குறிப்புப் பலகையும் தராத தெளிவு கிடைக்கிறது.

பிற நாடுகள்

பெர்லினில் 2015 இறுதியில் தொடங்கிய ‘முல்தகா’ திட்டத்தில், சிரியா, ஈராக் அகதிகள் பயிற்சி பெற்று, நான்கு அருங்காட்சியகங்களில் அரபு மொழியில் வழிகாட்டினர். வந்தேறியவர்களாகப் பார்க்கப்பட்டோர் தம் நாட்டுத் தொல்பொருள்களின் முன் ஆசிரியர்களாக நின்றனர்.

மதிப்பீடு

பொருளை மட்டும் வாங்கிக்கொண்டு அதற்குரியவரை வாசலில் நிறுத்தும் அருங்காட்சியகம் பாதி வரலாற்றையே கற்பிக்கிறது. புலம்பெயர்ந்த தமிழர்கள் உழைத்த கிள்ளான் பள்ளத்தாக்கின் ரப்பர் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. விடியுமுன் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) நின்று, மங்கில் (கோப்பையில்) ரப்பர் பால் சேர்த்தவர்களுக்கு முதுமை வந்துவிட்டது. அவர்கள் இருக்கும்போதே அவர்களைக் காட்சிக்கூடத்துக்கு அழைத்துப் பேசச் சொல்ல வேண்டும்.