கல்வியும் ஞானமும்

நூலான் வரும் அறிவு பாசஞானமென்றும், அருளான் விளங்குவது பதிஞானமென்றும் சித்தாந்த நூல்கள் கூறும். இவ்வேறுபாடு 13ஆம் நூற்றாண்டிலே திருவெண்ணெய்நல்லூரில் வெளிப்பட்டது.

சகலாகம பண்டிதரெனப் பெயர்பெற்ற அருணந்தி சிவாசாரியார், இளம்பருவத்தினராகிய மெய்கண்டார்பாற் சென்று, ஆணவமலத்தின் சொரூபம் யாதென வினவினர். மெய்கண்டார் விடை கூறாது, வினவியவரையே அடிமுதல் முடிகாறும் நோக்கினர் என்பது மரபு. ஆணவத்தின் இலக்கணத்தை ஆகமங்களிற் கற்றிருந்த பண்டிதர், அது தம்மிடத்தே நிற்றலை அப்பொழுதே கண்டனர். கண்டவுடன் வணங்கி மாணாக்கராயினர்.

ஆயின், முன் கற்ற கல்வி வீணாயிற்றோவெனின், ஆகவில்லை. 12 சூத்திரங்களையுடைய சிவஞானபோதத்திற்கு வழிநூலாகிய சிவஞானசித்தியாரை இயற்றியவர் அவரே. அதன் பரபக்கத்திற் பிற மதங்களை எடுத்தாராய்ந்து மறுத்தற்கு அப்பழைய கல்வியே கருவியாயிற்று. செருக்கிற்கு இடமாயிருந்த கல்வி, குருவருளின்கீழ் அடங்கியபின், உலகிற்கு ஞானநூலாயிற்று.