கந்தரோடை மண்ணும் நூதனசாலைப் பணிப்பாளர்களும்

சுன்னாகம் சந்தியிலிருந்து மேற்கே சைக்கிளில் போகும் தூரத்தில் கந்தரோடை இருக்கிறது. பனைகளுக்கு நடுவே முருகைக்கல்லால் கட்டப்பட்ட சிறு தூபிகள் நெருக்கமாகக் கிடக்கின்றன. சில ஆள் உயரம்கூட இல்லை. அவை எந்தச் சமயத்தவருடையவை, எந்த மொழி பேசியவருடையவை என்ற வழக்கு அரை நூற்றாண்டுக்கு மேலாக நடக்கிறது. இக்கட்டுரை அந்த வழக்குக்குள் இறங்கவில்லை. இந்த மண்ணிலிருந்து வெளிப்பட்ட பொருள்கள் எத்தகைய தலைமைகளின் காலத்தில் வெளிப்பட்டன, அத்தலைமைகள் எங்கிருந்து வந்து எங்கே போயின, ‘நூதனசாலைப் பணிப்பாளர்’ என்ற பதவியின் பொருள் ஒரு நூற்றாண்டில் எப்படி மாறியது என்பதே இங்கே எடுத்துக்கொண்ட விடயம். கொழும்பு, பொஸ்ரன், பிலடெல்பியா ஆகிய மூன்று நகரங்களின் நூதனசாலை வரலாறு கந்தரோடையின் வரலாற்றோடு முட்டிக்கொள்வதால், இதைச் சுன்னாகத்திலிருந்து பார்ப்பதில் ஒரு வசதியும் உண்டு.

கொழும்பு நூதனசாலை 1877 ஜனவரி 1ஆம் திகதி திறக்கப்பட்டது. அதைக் கட்டுவித்த தேசாதிபதி வில்லியம் கிரகரி, இலண்டன் தேசிய ஓவியக்கூடத்தின் நம்பிக்கைப் பொறுப்பாளர்களில் ஒருவராக இருந்தவர். கலைப்பொருள் சேகரிப்பில் ஈடுபாடுள்ளவர். கட்டடத்தை வரைந்தவர் ஸ்மிதர், கட்டி முடித்தவர் வாப்பிச்சி மரைக்கார். ஆனால் கலை ரசிகர் ஒருவர் கட்டிய மாளிகையைப் பொறுப்பேற்றவர்கள் வரிசையாக விலங்கியலாளர்கள். முதற் பணிப்பாளர் அமிரால்ட் ஹேலி. அவருக்குப் பின் 1902இல் ஆர்தர் விலி வந்தார். மெல்லுடலியான நோட்டிலசைத் தேடித் தென்பசிபிக் தீவுகளில் அலைந்தவர், முதுகெலும்பிகளின் தோற்றம் பற்றி 1894இலேயே நூல் எழுதியவர், இலண்டன் ரோயல் சொசைட்டியின் உறுப்பினர். ‘ஸ்போலியா செய்லானிக்கா’ என்ற ஆய்விதழ் இவர் காலத்தில், 1903இல் தொடங்கியது. 1910இல் கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் பேராசிரியராகப் போய்விட்டார். அடுத்து வந்த ஜோசப் பியர்சனும் கடல்வாழ் உயிரியலாளர். 1933வரை கொழும்பில் இருந்துவிட்டு, தஸ்மேனியாவின் ஹோபார்ட் நகர நூதனசாலைக்குப் பணிப்பாளராகச் சென்று 1952வரை அதை நடத்தினார்.

பேரரசின் நூதனசாலைத் தலைமை என்பது அன்று இப்படித்தான் இருந்தது. ஒரு குடியேற்ற நாட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றலாகும் உத்தியோகம் அது. இலங்கை அவர்களுக்கு ஒரு தரிப்பிடம். இதை வெறும் குறையாகச் சொல்வது நியாயமாகாது. மாதிரியைப் பிடி, பெயரிடு, போத்தலில் இடு, பதிவேட்டில் எழுது என்ற விலங்கியல் ஒழுங்கு நூதனசாலைகளுக்கு நல்லதொரு முதுகெலும்பைக் கொடுத்தது. சென்னையிலும் இதே கதைதான். ஹெண்டர்சன், கிரேவ்லி என்று விலங்கியலாளர்களே அங்கும் தலைமை தாங்கினர். சிலந்தி, தேள் ஆராய்ந்த கிரேவ்லிதான் ரி. என். ராமச்சந்திரனோடு சேர்ந்து 1932இல் சென்னையின் செப்புத்திருமேனிகளுக்கான பட்டியலை வெளியிட்டார். பியர்சனும் கொழும்பில் இருந்தபோது இலங்கையில் எஞ்சிய பழைய ஐரோப்பியக் கதிரைகளைப் பற்றி ஆராய்ந்து எழுதினார். கடற்பிராணியை வகைப்படுத்தும் கண், கதிரைக் காலையும் வகைப்படுத்தியது.

குறை வேறிடத்தில் இருந்தது. 1890இல் தொல்லியல் அளவைக்கெனத் தனிப் பிரிவு ஏற்படுத்தப்பட்டு எச். சி. பி. பெல் அதற்குத் தலைவரானார். அநுராதபுரம், சீகிரியா, பொலன்னறுவை என்று அவருடைய காலம் காடு வெட்டுவதிலேயே கழிந்தது. நூதனசாலையின் பார்வை உயிரினங்களில். தொல்லியல் பிரிவின் பார்வை வடமத்திய மாகாணத்தில். யாழ்ப்பாணக் குடாநாடு இரண்டுக்கும் நடுவே விழுந்தது. வல்லிபுரத்தில் கிடைத்த புத்தர் சிலைக்கு நேர்ந்ததைப் பார்த்தால் போதும். யாழ்ப்பாணத்துப் பழைய பூங்காவில் வைக்கப்பட்டிருந்த அச்சிலையை 1906இல் தேசாதிபதி ஹென்றி பிளேக் சீயத்து மன்னருக்கு அன்பளிப்பாக அனுப்பிவிட்டார். ஒரு பொருளின் இருப்பிடத்தைத் தேசாதிபதியின் விருந்தோம்பல் தீர்மானிக்கும் காலத்தில், நூதனசாலைத் தலைமைக்கு அதன் குறுக்கே நிற்கும் வலு இருந்ததாகத் தெரியவில்லை.

கந்தரோடைக்கு முதலில் வந்தவர் நூதனசாலைக்காரரல்லர், சிவில் சேவை அதிகாரி. வரலாற்றாசிரியருமான போல் ஈ. பீரிஸ் இங்கு நடத்திய தேடல்களை ‘நாகதீபமும் யாழ்ப்பாணத்துப் பௌத்த எச்சங்களும்’ என்ற பொருளில் ரோயல் ஆசியக் கழக இலங்கைக் கிளையின் சஞ்சிகையில் இரு பகுதிகளாக, 1917இலும் 1919இலும் வெளியிட்டார். முத்திரை குத்திய பழைய வெள்ளிக் காசுகள், இலட்சுமி உருவம் பொறித்த காசுகள், உரோம நாணயங்கள், மணிகள் எனப் பட்டியல் நீள்கிறது. அவற்றுள் என் கண்ணில் நிற்பவை கண்ணுக்கு மை தீட்டும் செப்புக் கோல்கள். எகிப்தில் கிடைத்த மைக்கோல்களோடு அவற்றை ஒப்பிட்டார் பீரிஸ். இன்று நாம் அந்த ஒப்பீட்டை அப்படியே ஏற்கவேண்டியதில்லை. ஆனால் விஜயன் கதைக்கு முந்தியே வடக்கில் செழிப்பான குடியிருப்புகள் இருந்திருக்க வேண்டும் என்று அவர் சொல்லத் துணிந்ததற்கு, கைக்கு அடங்கும் இத்தகைய சிறு பொருள்களே காரணம். இரண்டாம் பகுதி வந்து ஏழு வருடங்கழித்து, 1926இல் முதலியார் செ. இராசநாயகம் தமது ‘பண்டைய யாழ்ப்பாணம்’ நூலை ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்டபோது கந்தரோடை யாழ்ப்பாண வரலாற்றின் நடுவிடத்துக்கு வந்துவிட்டது.

பீரிஸின் முதற் கட்டுரை வந்த அதே 1917இல் யாழ்ப்பாணத்து வேரைக் கொண்ட ஒருவர் பொஸ்ரன் நுண்கலை நூதனசாலையில் இந்தியக் கலைக்குக் காப்பாளராகப் பொறுப்பேற்றார். ஆனந்த குமாரசுவாமியைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டது நிறைய. நூதனசாலை உத்தியோகத்தர் என்ற கோணத்தில் எழுதப்பட்டது குறைவு. 1877 ஓகஸ்ட் 22இல், கொழும்பு நூதனசாலை திறந்த அதே ஆண்டில், கொழும்பில் பிறந்தவர். தந்தை சேர் முத்துக் குமாரசுவாமி இரண்டு வருடங்களில் காலமாக, இங்கிலாந்தில் தாயோடு வளர்ந்து புவிச்சரிதவியல் கற்றார். 1903 முதல் 1906வரை இலங்கைக் கனிப்பொருள் அளவையின் பணிப்பாளர். தோரியனைட்டு என்ற கனிமத்தை உலகுக்கு அறியத் தந்தவர். அவர் வாழ்நாளில் வகித்த ஒரே ‘பணிப்பாளர்’ பதவி இதுதான் என்பதை இங்கே அழுத்திச் சொல்லவேண்டும். பொஸ்ரனில் முப்பது ஆண்டுகள் இருந்தும் அந்த நூதனசாலையின் பணிப்பாளராக அவர் ஆகவில்லை. முதலில் காப்பாளர், 1933 முதல் ஆராய்ச்சி அறிஞர். நிர்வாக ஏணியில் அவர் ஏறவில்லை; ஏற விரும்பியதற்கும் அறிகுறி இல்லை.

அவருடைய சேகரிப்பு பொஸ்ரனுக்குப் போன விதம் கவனிக்கத்தக்கது. 1910–11இல் அலகாபாத்தில் நடந்த பெரும் பொருட்காட்சியில் கலைப்பிரிவைப் பொறுப்பேற்று நடத்தியவர், தாம் வட இந்தியாவில் சேர்த்த ராஜபுத்திர ஓவியங்களை உள்ளிட்ட சேகரிப்பை இந்தியாவுக்கே கொடுக்க முன்வந்தார். அதை வைத்து ஒரு தேசிய நூதனசாலை எழவேண்டும் என்பது அவர் கருத்து. எழவில்லை. பின்னர் அமெரிக்கச் செல்வர் டென்மன் ரோஸ் அச்சேகரிப்பை வாங்கிப் பொஸ்ரனுக்கு அளிக்க, அதோடு குமாரசுவாமியும் போனார். அவருக்கு முன் அதே நூதனசாலையின் சீன, யப்பானியப் பிரிவை ஒககுரா ககுசோ நடத்தியிருந்ததால், ஆசியப் பொருளை விளக்க ஆசியரையே அழைக்கும் வழக்கம் அங்கே ஏற்கெனவே இருந்தது. கொழும்பில் அது வர இன்னும் இருபத்திரண்டு ஆண்டுகள் ஆயின.

1923 முதல் வெளிவந்த பொஸ்ரன் இந்தியச் சேகரிப்பின் பட்டியல்கள், 1927இல் வந்த இந்திய, இந்தோனேசியக் கலை வரலாறு ஆகியன இன்றும் எடுத்துப் பார்க்கப்படுகின்றன. ஆனால் நூதனசாலைத் துறைக்கு அவர் விட்டுச் சென்ற பெரிய தலையிடி வேறு. கலைப் படைப்புகளை ஏன் காட்சிக்கு வைக்கிறோம் என்று 1940களின் தொடக்கத்தில் ஒரு கட்டுரையில் கேட்டார். இப்பொருள்கள் எவையும் நூதனசாலைக்காகச் செய்யப்பட்டவையல்ல. ஒன்று வழிபாட்டுக்கு, இன்னொன்று உடுப்பதற்கு, வேறொன்று உண்பதற்கு. அந்த உபயோகத்தை மறைத்து, வெளிச்சம் பாய்ச்சி, அழகை மட்டும் ரசிக்கச் சொல்வது கல்வியாகாது என்பது அவருடைய வாதம். நூதனசாலையின் காசில் வாழ்ந்துகொண்டு நூதனசாலையின் அடிப்படையையே கேள்விக்குட்படுத்தியவர் என்று சிலர் முணுமுணுத்திருக்கலாம். என் பார்வையில் அவர் வகித்த தலைமை இந்தக் கேள்விதான். கந்தரோடை மைக்கோலைக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பவர், அதை எந்தப் பெண் எந்தக் கண்ணுக்குத் தீட்டினாள் என்று ஒரு வரியாவது எழுதியாகவேண்டும்.

சுன்னாகத்துக்கு இந்தக் குடும்பத்தோடு நெருங்கிய தொடர்பு உண்டு. முத்துக் குமாரசுவாமியின் சகோதரி மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913இல் பெண்களுக்காக நிறுவிய கல்லூரி சுன்னாகத்தை அடுத்த மருதனார்மடத்தில் இருக்கிறது. அதே சூழலில்தான் பின்னாளில் இராமநாதன் நுண்கலைக் கழகமும் வளர்ந்தது. ஆக, கந்தரோடைக்கும் பொஸ்ரன் காப்பாளரின் மைத்துனர் கட்டிய கல்லூரிக்கும் இடையே நடந்தே போய்விடலாம்.

1939இல் கொழும்பு நூதனசாலைக்கு முதன்முறையாக இலங்கையர் ஒருவர் பணிப்பாளரானார். பி. ஈ. பி. தெரணியகல. கந்தரோடையைத் தோண்டிய போல் பீரிஸின் மகன். கேம்பிரிட்ஜிலும் ஹார்வர்டிலும் படித்த விலங்கியலாளர். இலங்கை ஊர்வன பற்றியும் இரத்தினபுரிப் படிவங்களில் கிடைத்த பழைய உயிரினங்கள் பற்றியும் எழுதியவர். தலைமை உள்ளூர்க்காரர் கைக்கு வந்தது, ஆனால் துறை மாறவில்லை. அவர் காலத்தில், 1942இல் தேசிய நூதனசாலைகள் தனித் திணைக்களமாயின. அவருடைய மகன் சிரான் தெரணியகல 1992 முதல் 2001வரை தொல்பொருள் பணிப்பாளர் நாயகமாக இருந்தார். அவருடைய வரலாற்றுக்கு முற்பட்ட இலங்கை பற்றிய பெருநூலில் கந்தரோடையும் இடம்பெறுகிறது. தந்தை, மகன், பேரன் என்று ஒரே குடும்பத்தின் மூன்று தலைமுறை தொல்லியலையும் நூதனசாலையையும் தொட்டுச் சென்றது பெருமைக்குரியதே. ஆனால் ஒரு நாட்டின் பண்பாட்டு நிர்வாகம் எவ்வளவு சிறிய வட்டத்துக்குள் நடந்தது என்பதற்கும் அதுவே சாட்சி.

இதே காலத்தில் வெளியுலகில் பணிப்பாளர் பதவி வேறொரு திசையில் நகர்ந்தது. 1946இல் சர்வதேச நூதனசாலைகள் பேரவை அமைந்தது. சான்பிரான்சிஸ்கோவின் கலைக்கூடத்தை 1935 முதல் நடத்திய கிரேஸ் மோர்லி 1960இல் புதுடில்லி தேசிய நூதனசாலைக்கு முதற் பணிப்பாளராக வந்து, ஓய்வுக்குப் பின்னும் டில்லியிலேயே தங்கிவிட்டார். அவருக்குப் பின் அப்பொறுப்பை ஏற்றவர் சென்னை நூதனசாலையில் காப்பாளராகத் தொடங்கி அமராவதிச் சிற்பங்களுக்கு 1942இல் நூல் தந்த சி. சிவராமமூர்த்தி. விலியும் பியர்சனும் பேரரசின் மாற்றல் கடிதத்தோடு வந்தவர்கள். மோர்லி அழைப்பின் பேரில் வந்து, தம் இடத்தை ஒரு தமிழ்க் கலை அறிஞருக்கு விட்டுக்கொடுத்தவர்.

1970இல் கந்தரோடைக்கு மறுபடி வெளியார் வந்தனர். பிலடெல்பியாவிலுள்ள பென்சில்வேனியாப் பல்கலைக்கழக நூதனசாலையின் குழு அது. விமலா பெக்லி, பெனற் புறொன்சன் ஆகியோர் அதில் முதன்மையானவர்கள். பீரிஸ் காசையும் மணியையும் தேடினார். இவர்கள் அடுக்கடுக்காகக் குழி தோண்டி ஓடுகளை எண்ணினர். கறுப்புச்-சிவப்பு மட்பாண்டம், அதன் மேல் அடுக்கில் உரோமத் தொடர்பைக் காட்டும் கோலமிட்ட மட்பாண்டம் என்று கிடைத்த வரிசை, இந்த ஊரின் குடியேற்றத்தைக் கிறிஸ்துவுக்கு முற்பட்ட நூற்றாண்டுகளுக்குக் கொண்டுபோனது. பெக்லி பின்னர் புதுச்சேரிக்கருகே அரிக்கமேட்டை 1989 முதல் 1992வரை அகழ்ந்தார். புறொன்சன் சிக்காகோவின் பீல்ட் நூதனசாலையில் ஆசியப் பிரிவுக் காப்பாளரானார்.

அந்தக் குழுவை அனுப்பிய நூதனசாலையின் பணிப்பாளர் பிரோலிச் றெய்னி. 1947 முதல் 1976வரை அப்பதவியில் இருந்த அலாஸ்கா தொல்லியலாளர். 1950களில் அவர் நடத்திய ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி அமெரிக்காவில் பெயர்பெற்றது. பெயர்ச்சீட்டு இல்லாத ஒரு பொருளை அறிஞர்கள் முன்னால் வைப்பார்கள்; அது எந்த நாட்டது, எதற்கு உதவியது என்று அவர்கள் ஊகித்துச் சொல்லவேண்டும். பார்வையாளருக்கு விடை முன்பே தெரியும். எங்கிருந்து வந்ததென்று தெரியாத பொருளை வைத்து விளையாட்டுக் காட்டிய அதே மனிதரின் நூதனசாலை, 1970 ஏப்ரில் 1ஆம் திகதி ஓர் அறிவிப்பை வெளியிட்டது. எங்கிருந்து, யாரிடமிருந்து, எவ்வழியாக வந்தது என்ற சான்று இல்லாத எந்தப் பொருளையும் இனி வாங்குவதில்லை. யுனெஸ்கோவின் கலாசாரச் சொத்துக் கடத்தல் தடுப்பு உடன்பாடு அதற்கு ஏழு மாதங்கழித்து, நவம்பரிலேயே ஏற்கப்பட்டது. நூதனசாலை வரலாற்றில் இந்த அறிவிப்பு ஒரு திருப்புமுனை. எவ்வளவு கொண்டுவந்தார் என்பதை வைத்துப் பணிப்பாளரை அளந்த காலம் அதோடு தளரத் தொடங்கியது. எதை வேண்டாமென்று சொன்னார் என்பதும் தலைமைக்கு அளவுகோலாயிற்று. அது நடந்த ஆண்டும் கந்தரோடைக் குழிகள் தோண்டப்பட்ட ஆண்டும் ஒன்று. வல்லிபுரத்துப் புத்தர் கப்பலேறி அறுபத்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.

கொழும்பில் இதன் எதிரொலியை எழுப்பியவர் 1965 முதல் 1981வரை பணிப்பாளராக இருந்த பி. எச். டி. எச். டி சில்வா. இலங்கையிலிருந்து வெளியேறி உலக நூதனசாலைகளில் கிடக்கும் பொருள்களைத் தேடித் தொகுத்து, 1975இல் பெரிய பட்டியல் நூலொன்றை வெளியிட்டார். இது ஒரு நூதனசாலைப் பணிப்பாளர் செய்யக்கூடிய அபூர்வமான காரியம்: தன்னிடம் உள்ளதைப் பட்டியலிடாமல், தன்னிடம் இல்லாததைப் பட்டியலிட்டது. அவற்றுள் முக்கியமானவற்றைத் திருப்பித் தரும்படி யுனெஸ்கோ அரங்கில் கேட்கவும் செய்தார். பலன் உடனே வரவில்லை. கண்டியின் லெவ்கே திசாவையின் பீரங்கி உட்பட ஆறு பொருள்களை நெதர்லாந்து திருப்பித் தந்தது 2023இல்தான். ஆனால் அந்தக் கோரிக்கையை எழுப்பக் கையிலிருந்த ஆவணம் டி சில்வா தொகுத்த பட்டியல் போன்றவையே.

வடக்கில் இந்தப் பணியைத் தொடர்ந்தவர்களிடம் பணிப்பாளர் பதவியும் இல்லை, பெரிய பணமும் இல்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கா. இந்திரபாலா வரலாற்றுத் துறையை வழிநடத்திய காலத்தில், 1980இல் ஆனைக்கோட்டையில் ஈமக்குழியும் எழுத்துப் பொறித்த முத்திரையும் வெளிப்பட்டன. பொ. இரகுபதி குடாநாட்டைச் சுற்றி நடத்திய மேற்பரப்பாய்வு 1987இல் சென்னையில் நூலாக வந்தது. வழுக்கையாற்றுப் படுகையையும் கந்தரோடையையும் சேர்த்துப் பார்த்து, இது தனியொரு தூபித் தொகுதியன்று, நீரும் வயலும் வணிக வழியும் கூடிய பழைய நகர்ப்புறம் என்று காட்டியது அந்த நூல். இன்றைக்கும் கந்தரோடை வீட்டுத் தோட்டங்களைக் கொத்தும்போது கறுப்புச்-சிவப்பு ஓடுகள் மண்வெட்டியில் தட்டுப்படுகின்றன. அவற்றுக்குத் திகதி சொல்ல யாழ்ப்பாணத்து மாணவர் எடுத்துப் புரட்டுவது 1973இல் பெக்லி வெளியிட்ட கட்டுரையையும் இரகுபதியின் நூலையுந்தான்.