இரும்பு நகரின் மறுமலர்ச்சி

நகரங்கள் வளர்தற்கும் தேய்தற்கும் காரணங்கள் பல. ஆற்றின் கழிமுகம், மலையின் தாதுவளம், வணிகர்தம் ஊக்கம் என்னும் இவை ஒருங்கு கூடுமிடத்தே நகர் வளர்கின்றது. இவற்றுள் ஒன்று பயனற்றுப் போகுங்கால் அது தளர்கின்றது. தளர்ந்த நகரொன்று மீண்டும் எழுவதோ அரிது. அங்ஙனம் எழுந்தவற்றுள் இசுப்பெயின் நாட்டின் வடபகுதியிலே, பாசுக்கு மக்களின் தாயகத்திலுள்ள பில்பாவோ நகர் தலைசிறந்ததாகும். ஏறத்தாழ 3,45,000 மக்கள் வாழும் இந்நடுத்தர நகரை உயர்த்தியது ஓர் அருங்காட்சியகமே என்று கூறுவாருளர். அக்கூற்று எத்துணைப் பொருத்தமுடையது என்பதை ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கம்.

1300 ஆம் ஆண்டு யூன் மாதம் 15 ஆம் நாள் டியேகோ லோப்பேசு டி ஆரோ என்னும் பிரபு வழங்கிய சாசனத்தால் இந்நகர் தோன்றியது. நேர்வியோன் ஆற்றின் கரையிலே அமைந்து, கசுத்தீலிய நாட்டுக் கம்பளியை வட ஐரோப்பாவிற்கு ஏற்றுமதி செய்து செல்வம் ஈட்டியது. 1511 இல் வணிகர்க்கெனத் தனி மன்றமொன்று இங்கு நிறுவப்பெற்றது. கம்பளியோடு இரும்பும் புகழ் தந்தது. செகப்பிரியரின் நாடகங்களிலே வாளையும் விலங்கையும் குறிக்க வரும் சொற்கள் இந்நகரின் பெயரடியாகப் பிறந்தவை என்பர்.

ஆயினும் பில்பாவோவின் பொற்காலம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தொடங்கிற்று. 1856 இல் பெசமர் என்னும் ஆங்கிலேயர் உருக்குச் செய்யும் புதுமுறையொன்றைக் கண்டார். அம்முறைக்குப் பொசுபரசு குறைந்த தாது இன்றியமையாதது. அத்தகைய தாதுவோ பில்பாவோவை அடுத்த குன்றுகளிலே மலிந்து கிடந்தது. தாதுவேற்றிப் பிரித்தானியாவிற்குச் சென்ற கப்பல்கள் நிலக்கரியோடு மீண்டன. அவ்வணிகத்தால் வந்த ஊதியத்திற் பெரும்பகுதி அந்நகரிலேயே தங்கியமை கருதத்தக்கது. 1857 இல் பில்பாவோ வங்கியும், 1886 இல் தெயூசுத்தோப் பல்கலைக்கழகமும், 1890 இல் பங்குச் சந்தையும், 1897 இல் பொறியியற் கல்லூரியும் எழுந்தன. 1902 இல் பெரும் உருக்காலை நிறுவனமொன்று உருவாயிற்று. தாதுவை விற்றதோடு அமையாது, அறிவிலும் முதலீடு செய்த இம்முன்னோரின் செயலே பின்வந்தோர்க்குக் கைகொடுத்தது எனலாம்.

ஒரு தொழிலையே நம்பி வாழும் நகர்க்கு அத்தொழிலின் வீழ்ச்சி பேரிடராகும். உள்நாட்டுப் போரிலே 1937 யூன் மாதம் நகர் வீழ்ந்தது. அதன் பின்னரும் ஆலைகள் பெருகின. ஆயின் அவற்றின் கழிவும், மாந்தர்தம் கழிவும் ஆற்றிற் கலந்து, மீனினமும் வாழவொண்ணாத கருநீராக அதனை மாற்றின. 1970 களில் எண்ணெய் விலையேற்றமும் ஆசிய நாடுகளின் போட்டியும் உருக்கையும் கப்பல் கட்டுந் தொழிலையும் தாக்கின. 1983 ஆகத்து மாதத்திலே பெருவெள்ளம் பழைய நகரைச் சூறையாடியது. 1980 களின் நடுப்பகுதியிலே உழைப்பாளருள் ஏறத்தாழ நால்வருக்கொருவர் வேலையற்றிருந்தனர். நகர் நடுவிலிருந்த எயுசுக்கால்துனாக் கப்பற்றளம் தொழிலாளரின் கடும் போராட்டத்திற்குப் பின்னரும் மூடப்பட்டது. இவற்றோடு அரசியல் வன்செயலும் சேர்ந்தமையால் முதலீட்டாளர் அந்நகரை நாட அஞ்சினர்.

மீட்சி ஒரு நாளில் வந்ததன்று. அதன் வரிசைமுறை ஊன்றி நோக்கத்தக்கது. முதலிலே தொடங்கப்பட்டது ஆற்றைத் தூய்மையாக்கும் பணி. 1979 இல் வகுக்கப்பட்ட திட்டத்தின்படி, பல நகரசபைகள் ஒன்றுகூடிக் கழிவுநீர்க் குழாய்களையும் சுத்திகரிப்பு நிலையங்களையும் அமைத்தன. மண்ணுள் மறைந்த இப்பணிக்குச் சென்ற பணம் அருங்காட்சியகத்துக்குச் சென்றதிலும் பன்மடங்கு. 1985 இல் அயலிலுள்ள சமூதியோவிலே தொழினுட்பப் பூங்காவொன்று நிறுவப்பட்டது. 1995 இல் நிலக்கீழ்ப் புகையிரதம் ஓடத் தொடங்கியது. துறைமுகம் நகர் நடுவினின்றும் கடன்முகத்துக்குப் பெயர்ந்தது.

1992 இல் அமைந்த 'பில்பாவோ றியா 2000' என்னும் நிறுவனமே இவற்றுள் நுட்பமான ஏற்பாடு. அதன் பங்குகளுள் ஒரு பாதி நடுவணரசின் நிறுவனங்களுக்கும், மறுபாதி பாசுக்கு அரசு, மாகாணசபை, மாநகரசபை முதலியவற்றிற்கும் உரியன. புகையிரதப் பகுதியும் துறைமுகமும் கைவிட்ட நிலங்கள் அந்நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டன. அது அவற்றைத் திருத்தி, ஒரு பகுதியை வீடமைப்போர்க்கும் வணிகர்க்கும் விற்று, வந்த பணத்தைக் கொண்டே இருப்புப்பாதைகளை மூடிப் பூங்காக்களும் வீதிகளும் அமைத்தது. அரசியலில் மாறுபட்டு நின்றோர் ஒரே மேசையிலிருந்து முடிவு செய்தமை பணத்தினும் பெரிய முதலாயிற்று.

இத்துணையும் நடந்துகொண்டிருந்தபோதே குகன்கைம் அருங்காட்சியகம் எழுந்தது. பிராங்கு கேரி என்பார் வரைந்த அக்கட்டடம், தைத்தேனியத் தகடு போர்த்து, ஆற்றங்கரையிலே 1997 ஒற்றோபர் 18 ஆம் நாள் திறக்கப்பட்டது. கட்டடச் செலவாகிய ஏறத்தாழ பத்துக்கோடி டொலரைப் பாசுக்கு மக்களே ஏற்றனர். ஆலைகள் மூடப்படுங்கால் அயல்நாட்டு நிறுவனமொன்றின் பெயரால் இத்துணைப் பணம் செலவிடுதல் முறையோ என்று கலைஞரும் தொழிலாளரும் வினவினர். அவ்வினா நியாயமானதே. திறப்பு விழாவிற்குச் சில நாட்களின் முன் தாக்குதற் சதியொன்றைத் தடுக்க முயன்ற காவலர் ஒருவர் உயிர் துறந்தார். எனினும் முதலாண்டிலேயே பத்திலட்சத்துக்கு மேற்பட்டோர் அதனைக் காணவந்தனர்; அஞ்சி விலகிய உலகு பில்பாவோவை மீண்டும் நோக்கியது.

இவ்வெற்றியைக் கண்ட வேறு நகரங்கள் பல, விந்தைக் கட்டடமொன்றைக் கட்டினால் வளம் தானே வருமென எண்ணின. எண்ணியது எய்தாதவை அவற்றுட் பல. அவை கூரையைக் கண்டனவேயன்றி அத்திவாரத்தைக் கண்டில. நாறும் ஆற்றின் கரையிலே பொன்மாளிகை கட்டினும் அதனை நாடுவார் யார்? 2010 இல் சிங்கப்பூரின் லீ குவான் யூ உலக நகர்ப் பரிசு முதன்முதலாக வழங்கப்பட்டபோது அதனைப் பெற்றது பில்பாவோவே. அந்நகரின் தனிக் கட்டடத்தையன்றி முழுமையான திட்டத்தையே அப்பரிசு பாராட்டியது.

குறைகளும் இல்லாமலில்லை. உருக்காலையிலே உழைத்த தந்தையர் பெற்ற நிலையான வேலைபோன்று உணவகத்திலும் விடுதியிலும் பணிபுரியும் மக்களுக்கு வாய்க்கவில்லை. ஆற்றங்கரையில் நிலவிலை உயர, எளியோர் அங்கிருந்து விலக நேர்ந்தது. இன்று சொறொத்சாவுரே என்னும் பழைய ஆலைப்பகுதி, 2018 இல் கால்வாய் முற்றாக வெட்டப்பட்டுத் தீவாகி, புதிய வீடுகட்கும் கல்விநிலையங்கட்கும் இடமாகி வருகின்றது. அங்கு எளியோர்க்கும் இடமுண்டா என்பதே பில்பாவோவின் அடுத்த தேர்வு.

ஆக, அருங்காட்சியகம் பில்பாவோவின் மகுடமேயன்றி உடலன்று. தூயநீர், எளிய போக்குவரத்து, கற்ற மக்கள், ஒன்றுகூடி முடிவெடுக்கும் ஆட்சி என்னும் நான்குமே அதன் உடல். நகரொன்றின் பெருமையைப் பிறர்க்கு எடுத்துரைக்குமுன், அது தன் மக்கள் வாழத் தக்கதாதல் வேண்டும் என்பதே இவ்வரலாறு நமக்கு உணர்த்தும் உண்மையாம்.