பிக்அப் டிரக்கில் சிபி ரேடியோ ஆன்டெனா... எதை வாங்கணும், எங்கே மாட்டணும்?

அமெரிக்காவில் செல்போன் சிக்னலே எட்டாத மலைச்சாலைகளும் பாலைவனச் சாலைகளும் இன்னமும் இருக்கு. அங்கே வண்டி நின்றுபோனால் கைகொடுப்பதில் ஒன்று சிபி ரேடியோ. லாரி ஓட்டுநர்கள் பேசிக்கொள்வது 19-வது சேனலில். அவசர உதவிக்கு 9-வது சேனல். லைசென்ஸ் வேண்டாம். ஆனால் ஏஎம் முறையில் 4 வாட் சக்திக்கு மேல் போகக்கூடாது. அந்த 4 வாட் எவ்வளவு தூரம் போகும் என்பது ரேடியோவின் விலையை விட ஆன்டெனா கையில்தான் இருக்கு.

எவ்வளவு நீளம்?

சிபி இயங்குவது 27 மெகாஹெர்ட்ஸில். அலைநீளம் சுமார் 11 மீட்டர். அதில் கால் பங்கு, அதாவது கிட்டத்தட்ட 9 அடி இருந்தால் அருமையா வேலை செய்யும். டிரக் மேல 9 அடி கம்பி வெச்சா மரக்கிளை, பெட்ரோல் பங்க் கூரைன்னு எல்லாத்திலும் இடிக்கும். அதனால்தான் கம்பிச்சுருள் சேர்த்த 3, 4 அடி ஆன்டெனாக்களை வாங்குகிறார்கள். அழகுக்காக அதைவிடக் குட்டையா வாங்கினால் தூரம் நிறையவே அடிபடும்.

எங்கே மாட்டுவது?

கேபின் கூரையின் நடுப்பகுதிதான் பெஸ்ட். சுற்றியுள்ள உலோகத் தகடு ஆன்டெனாவின் மறுபாதி போல வேலை செய்யும். கூரையில் ஓட்டை போட மனசு வராதவங்க காந்த அடிப்பாகம் வாங்குவாங்க. 2015 மாடலில் இருந்து வரும் ஃபோர்டு எஃப்-150 கூரையில் அது ஒட்டாது. ஏன்னா, பாடி அலுமினியம்!

அடுத்த சாய்ஸ், கேபினுக்குப் பின்னால் சரக்குத் தொட்டியின் விளிம்பு. அங்கே மாட்டினால் கம்பியின் பெரும்பகுதி கூரைக்கு மேலே தெரியணும். பலரும் கோட்டை விடுவது பெயின்ட்டில்தான். பெயின்ட் மேலேயே கிளாம்பை முடுக்கினால் எர்த் கிடைக்காது. அந்த இடத்தைச் சுரண்டி, உலோகத்தோடு உலோகம் தொடும்படி மாட்டணும்.

மீட்டர் இல்லாமல் பேசாதீங்க

மாட்டியதும் எஸ்டபிள்யூஆர் மீட்டரில் பார்க்கணும். திறந்தவெளியில், கதவுகளை மூடி வைத்து 1, 40 ஆகிய சேனல்களில் அளக்கணும். 1.5-க்குள் இருந்தால் ரொம்ப நல்லது, 2 வரை ஓகே. 3-ஐத் தாண்டினால் பேசவே கூடாது, ரேடியோவே பழுதாகலாம். 40-வது சேனலில் அளவு கூடினால் கம்பி நீளம், குறைக்கணும். 1-வது சேனலில் கூடினால் கம்பி குட்டை. இரண்டிலும் எக்கச்சக்கமா காட்டினால் கம்பியில் கை வைக்காதீங்க, முதல்ல எர்த்தைப் பாருங்க.

இந்தியாவில் மாட்டலாமா?

இங்கேயும் 26.957 முதல் 27.283 மெகாஹெர்ட்ஸ் வரை 5 வாட்டுக்குள் லைசென்ஸ் விலக்கு உண்டு. ஆனால் ஆன்டெனா கருவியோடு சேர்ந்தே இருக்கணும் என்பது நிபந்தனை. கூரையில் தனியாக மாட்டும் ஆன்டெனாவுக்கு அந்த விலக்கு பொருந்தாது.