அப்ரோடைட்டி வழிபாடு: ஊர்த்தெய்வமும் நூல்தெய்வமும்

கிரேக்கரின் காதல் தெய்வம் என்றே அப்ரோடைட்டியைக் குறிப்பிடுதல் வழக்கமாகியுள்ளது. கடல் நுரையிற் பிறப்பு, ஒப்பற்ற பேரழகு, மாந்தரையும் தேவரையும் மயக்கும் ஆற்றல் என்னும் இம்மூன்றுமே அப்பெயரைக் கேட்டவுடன் நினைவிற்கு வருவன. இவை பெரிதும் காவியத்தினின்றும் சிற்பத்தினின்றும் நாம் பெற்றவை. கோயிலிற் சென்று வணங்கிய மக்கள் அத்தெய்வத்தை எதன் பொருட்டு வணங்கினர் என்னும் வினாவிற்குக் கல்வெட்டுக்களும் அகழ்வுச் சான்றுகளும் வேறு விடை தருகின்றன. நூலிற் காணும் தெய்வம், ஊரார் வழிபட்ட தெய்வம் என்னும் இவ்விரண்டனுள் இருபதாம் நூற்றாண்டில் புத்துயிர் பெற்றது எது என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகும் பொருளாகும்.

1. தோற்றம்

அப்ரோடைட்டியின் பிறப்புப் பற்றிக் கிரேக்கப் பெரும் புலவர் இருவரும் ஒத்துரைத்தாரல்லர். ஹோமரின் இலியத்தில் அவள் சூசுக்கும் தியோனேக்கும் மகள். ஹெசியட், வான்தெய்வத்தின் அறுபட்ட உறுப்பு கடலில் வீழ, ஆங்கெழுந்த நுரையினின்று அவள் தோன்றிக் கித்தேராத் தீவை அணுகிப் பின் சைப்பிரஸில் கரையேறினாள் என்பர். இதுவரை கிடைத்துள்ள மைசீனிய எழுத்துப் பலகைகளில் அவள் பெயர் காணப்படவில்லை என்பதும் கருதத்தக்கது.

வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ், அசுகலோன் நகரில் இருந்த வான்தெய்வத்தின் கோயிலே எல்லாவற்றினும் பழமையானது என்றும், சைப்பிரஸ் கோயில் அதன் வழித்தோன்றியது என்றும், கித்தேராக் கோயிலைப் பினீசியரே எழுப்பினர் என்றும் குறித்துள்ளார். கிழக்கு நாட்டுத் தொடர்பைக் கிரேக்கரே உணர்ந்திருந்தனர் என்பது இதனாற் பெறப்படும்.

சைப்பிரஸின் பழைய பாபோஸில், இன்று குக்லியா எனப்படும் ஊரில், ஏறத்தாழ கி.மு. 1200 அளவிலேயே இக்கோயில் எழுந்தது. ஆங்கு வணங்கப்பெற்றது அழகிய பெண் வடிவம் அன்று. கூம்பு வடிவான கல்லே ஆகும். உரோமர் காலத்து நாணயங்கள் அதனைத் தெளிவாகக் காட்டுகின்றன. கி.பி. 69இல் டைட்டஸ் அக்கோயிலுக்குச் சென்றதைக் கூறுமிடத்து டாசிடஸ், தெய்வத்தின் உருவம் மனித வடிவினது அன்று என்றும், பலிபீடத்திற் குருதி சிந்துதல் விலக்கப்பட்டது என்றும், வேண்டுதலும் தூய நெருப்புமே ஆங்கு ஏற்கப்பட்டன என்றும் எழுதுகின்றார். பாபோஸ் நாட்டுப் பழங்கல்வெட்டுக்கள் அவளை 'வனஸ்ஸா', அதாவது தலைவி என்றே குறிக்கின்றன. காதல் என்னும் ஒரு சொல்லில் இத்தெய்வத்தை அடக்கல் இயலாது என்பது தெளிவு.

2. ஊர்ப்பொதுத் தெய்வம்

ஏதென்ஸ் நகரில் அக்ரோபோலிஸ் குன்றின் சாரலில் அப்ரோடைட்டி 'பாண்டெமோஸ்' என்னும் பெயரால் வழிபடப் பெற்றாள். மக்கள் அனைவர்க்கும் உரியவள் என்பது அச்சொல்லின் பொருள். தீசியஸ் பல ஊர்களை ஒரு நகராக இணைத்தபொழுது இவ்வழிபாட்டையும், இணக்கமுறப் பேசி வயப்படுத்தும் தெய்வமாகிய பெய்த்தோவின் வழிபாட்டையும் ஏற்படுத்தினான் என்று கி.பி. இரண்டாம் நூற்றாண்டினரான பாசேனியஸ் கூறுவர். மக்கள் கூடும் பழைய மன்றத்தின் அருகில் அமைந்தமையால் அப்பெயர் வந்ததென்பர் அப்பொல்லோடோரஸ். சோலன் பரத்தையர் இல்லங்களின் வருவாயினின்று அக்கோயிலை எழுப்பினான் என்னும் செய்தியும் உண்டு.

இவற்றுள் எது பொருந்தும்? கி.மு. மூன்றாம் நூற்றாண்டைச் சார்ந்த ஏதென்ஸ் கல்வெட்டு ஒன்று இதற்குத் துணை செய்கின்றது. பாண்டெமோஸின் ஊர்வலம் நிகழுங்கால் நகர் அலுவலர் செய்யக் கடவனவற்றை அது வகுக்கின்றது: கோயிலைத் தூய்மை செய்தற்குப் புறா ஒன்று அளித்தல், பலிபீடங்களுக்குப் பூச்சிடுதல், திருவுருவங்களை நீராட்டுதல், இரண்டு திராக்மா எடையளவு செந்நீலச் சாயம் அளித்தல் என்பன அவை. ஊர் அலுவலரின் கடமையாக அமைந்த விழா இது. பல நகரங்களில் ஆட்சிப் பதவி வகித்தோர் பணிக்காலம் முடிந்தபின் அப்ரோடைட்டிக்குக் காணிக்கை செலுத்திய கல்வெட்டுக்களும் இதனையே வலியுறுத்தும். இருவரை இணைப்பவள் ஊரையும் இணைப்பவள் ஆனாள் என்க. கித்தேராவிலும் ஸ்பார்ட்டாவிலும் அவள் படைக்கலம் தாங்கி நின்றாள். சைப்பிரஸின் கித்தியோன் நகர வணிகர் தம் அப்ரோடைட்டிக்குக் கோயில் அமைக்க நிலம் கொள்வதற்கு ஏதென்ஸ் மன்றம் கி.மு. 333இல் இசைவளித்தது. கடல் வணிகர்க்கும் அவள் காவலாயினாள்.

இனி, பிளேட்டோவின் 'விருந்து' என்னும் உரையாடலில் பேசுவோருள் ஒருவர், வானவள் என்றும் பாண்டெமோஸ் என்றும் அப்ரோடைட்டியர் இருவர் உளர் எனப் பிரித்து, முன்னையதை உயர்ந்த அன்பாகவும் பின்னையதை இழிந்த காமமாகவும் கொள்கின்றார். இது உரையாடல் மாந்தர் ஒருவரின் கூற்றேயன்றிக் கோயில் மரபு அன்று. எனினும் பின்வந்தோர் இதனையே மரபாகக் கொண்டனர். அனைவர்க்கும் உரியவள் என்னும் பெருமைப் பெயர் இவ்வாறு இழிபெயர் ஆயிற்று.

3. கொரிந்து பற்றிய செய்தி

கொரிந்து நகரத்துக் கோயிலுக்கு ஆயிரத்திற்கு மேற்பட்ட பரத்தையர் உரியராய் இருந்தனர் என்னும் ஸ்டிராபோவின் கூற்றும் ஆராய்தற்குரியது. கொரிந்து கி.மு. 146இல் உரோமரால் அழிக்கப்பட்டது. ஸ்டிராபோ எழுதியது அதற்கு ஒரு நூற்றாண்டிற்கும் பிற்பட்டு. அவர் பேசுவதும் அழிந்துபட்ட பழைய நகரைப் பற்றியே. ஸ்டெபனி பூடின் 2008இல் வெளியிட்ட நூலில் கோயிற் பரத்தைமை பற்றிய பண்டைச் சான்றுகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, அவ்வழக்கம் இருந்ததே இல்லை என்று வாதிட்டுள்ளார். அம்முடிபை அனைவரும் ஏற்றிலர். கொரிந்துப் பரத்தையர் இத்தெய்வத்தை வழிபட்டனர் என்பதற்குப் பிண்டாரின் பாட்டொன்று சான்றாகலாம். ஆயினும் வழிபட்டோர் வேறு, கோயிலின் உடைமையாய் இருந்தோர் வேறு. ஆயிரம் என்னும் எண்ணை வரலாற்று உண்மையாகக் கொள்ளுதல் பொருந்தாது.

4. இக்கால வழிபாடு

கி.பி. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் பேரரசர் தியோடோசியஸின் ஆணைகள் பழைய வழிபாடுகளைத் தடுத்தன. தெய்வத்தின் பெயரையே தாங்கிய அப்ரோடிசியாஸ் நகரில் அவள் கோயில் ஏறத்தாழ கி.பி. 500 அளவில் கிறித்தவக் கோயிலாக மாற்றப்பெற்றது. நகரும் பின்னர்ச் சிலுவை நகர் எனப் பொருள்படும் ஸ்டாரோபோலிஸ் ஆயிற்று. அதன்பின் அப்ரோடைட்டி வாழ்ந்தது நூலிலும் ஓவியத்திலுமே. பதினைந்தாம் நூற்றாண்டில் பிசினோ பிளேட்டோவின் 'விருந்து'க்கு எழுதிய உரை, வானவள், பாண்டெமோஸ் என்னும் பிரிவை ஐரோப்பாவெங்கும் பரப்பிற்று.

1938இல் நியூயார்க் மாநிலத்து லாங் தீவில் கிளெப் பாட்கின் 'அப்ரோடைட்டி திருச்சபை'யை நிறுவினார். 1918இல் உருசியப் பேரரசருடன் கொல்லப்பட்ட அரண்மனை மருத்துவரின் மகன் இவர். உலகைப் பெற்றெடுத்த ஒரே தெய்வம் அப்ரோடைட்டி என்பதும், அன்பும் அழகும் இசைவுமே வழிபாட்டின் பயன் என்பதும் இவர் கொள்கை. இவர் 1969இல் மறைந்தார். இங்கிலாந்தில் எழுந்த விக்கா நெறியினர்க்கோ, பேரன்னையின் பல பெயர்களுள் ஒன்றே அப்ரோடைட்டி. கிரேக்க நாட்டில் 1997இல் தோன்றிய எல்லேனியர் பேரவை, பழைய தெய்வங்கள் அனைத்தையும் ஒருங்கே வழிபடுகின்றது. 2017இல் கிரேக்க அரசு இந்நெறியை அறியப்பட்ட சமயமாக ஏற்றது.

முடிவு

பண்டை வழிபாடு செயலை முதன்மையாகக் கொண்டது. ஊரின் கடமையாக நிகழ்ந்தது. பல தெய்வங்களுக்கிடையே ஒரு தெய்வத்திற்கு உரியதாய் இருந்தது. பாட்கினின் சபை நம்பிக்கையை முதன்மையாகக் கொண்டது. தனியொருவரின் உள்ளத்தை நோக்கியது. தெய்வம் ஒன்றே என்றது. அவர் உயிர்ப்பித்தது பிளேட்டோவின் வழிவந்த நூல்தெய்வத்தையே ஆம். விக்கா நெறியினர் கொண்டதும் பெயரையன்றிக் கோயில் முறையை அன்று. கிரேக்கப் பேரவையினர் பல தெய்வ முறையை மீட்டமையால் பழமைக்கு ஓரளவு அணியராயினும், நகரும் அலுவலரும் செலவேற்று நடத்திய வழிபாடு அவர்க்கும் எய்தவில்லை.

இதனால் இக்கால வழிபாடு பொய்யானது என்று நாம் கூறுகின்றோமல்லேம். ஒரு பெயர் நிலைத்திருத்தலே வழிபாடு நிலைத்ததற்குச் சான்றாகாது என்பதே நம் கருத்து. ஒரு சமயத்தின் வரலாற்றை ஆராய்வோர் புலவர் பாடியதையும் ஊரார் செய்ததையும் தனித்தனியே எடைபோடுதல் வேண்டும். அழகின் உருவமாக மட்டும் நாம் அறிந்த ஒருத்திக்குப் பாபோஸில் கல்லும், ஸ்பார்ட்டாவில் படைக்கலமும், ஏதென்ஸில் இரண்டு திராக்மா எடைச் சாயமும் உரியனவாய் இருந்தமை அவ்வாறு எடைபோட்டபின்னரே புலனாகின்றது.