தட்டில் தங்கிய குரல்கள்

சோழவந்தான் என்றால் சிலருக்கு வெற்றிலை நினைவுக்கு வரும். பழைய பாட்டுக் கேட்பவர்களுக்கு டி. ஆர். மகாலிங்கம் நினைவுக்கு வருவார். ஊரை அடுத்த தென்கரையில் பிறந்து, நாடக மேடையில் பாடி வளர்ந்து, 1938-ல் ‘நந்தகுமார்’ படத்தில் சிறுவனாகத் தோன்றியவர். 1945-ல் ‘ஸ்ரீவள்ளி’, 1958-ல் ‘மாலையிட்ட மங்கை’, 1965-ல் ‘திருவிளையாடல்’ என்று நீண்ட அவருடைய பாட்டு வாழ்க்கை 1978-ல் முடிந்தது. இன்று மாதச் சந்தா கட்டினால் அவர் பாடல்கள் கைபேசியில் ஒலிக்கின்றன. பிறகு எதற்கு ஒருவர் தனியாகப் பாட்டுச் சேர்த்து வைக்க வேண்டும்? மகாலிங்கம் தலைமுறையின் வரலாறே இதற்கு விடை சொல்கிறது. கேட்பதற்குச் சந்தா போதும். ஆனால் ஒரு குரல் தலைமுறை கடந்து நிற்க வேண்டுமானால், அது பலருடைய கையில் சொந்தப் பிரதியாக இருந்தாக வேண்டும்.

தமிழின் முதல் பேசும்படமான ‘காளிதாஸ்’ 1931 அக்டோபர் 31-ல் வெளிவந்து பெரும் வெற்றி பெற்றது. அதன் பிரதி ஒன்றுகூட இன்று கிடைக்கவில்லை. அதே காலத்தில் மேடையை ஆண்ட எஸ். ஜி. கிட்டப்பா எந்தப் படத்திலும் நடிக்காமலே 1933-ல், 27 வயதில் இறந்துபோனார். அவர் குரலை இன்றும் கேட்கிறோம். காரணம் இதுதான்: சீட்டு வாங்கியவர் படத்தைப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பினார். படச்சுருள் தயாரிப்பாளரிடமும் விநியோகஸ்தரிடமும் மட்டுமே இருந்தது. கிட்டப்பாவின் பாட்டோ, பக்கத்துக்கு ஏறக்குறைய மூன்று நிமிடம் ஓடும் அரக்குத் தட்டாக விற்பனைக்கு வந்து வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது. அந்நாளைய படச்சுருள் எளிதில் தீப்பற்றும், விரைவில் மக்கும் என்பது உண்மைதான். ஆனால் அரக்குத் தட்டும் கீழே விழுந்தால் உடையும். ஒரு வீட்டில் உடைந்தது இன்னொரு வீட்டில் உடையாமல் இருந்தது என்பதுதான் வேறுபாடு. மகாலிங்கத்தின் குரலில் கிட்டப்பாவின் சாயல் இருக்கிறது என்று இருவரையும் அடுத்தடுத்துக் கேட்டு இன்று நாம் சொல்ல முடிவதும் அந்தத் தட்டுகளால்தான்.

சோழவந்தான் இருக்கும் மதுரைச் சீமையின் கிராமங்களில் எத்தனை பேரிடம் கிராமபோன் இருந்தது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பெரும்பாலோர் டீக்கடை வானொலியிலும், திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் கட்டிய குழாய் ஸ்பீக்கரிலும்தான் பாட்டுக் கேட்டார்கள். வானொலிப் பெட்டிக்கு அஞ்சலகத்தில் ஆண்டுதோறும் உரிமக் கட்டணமும் கட்டினார்கள். பொதுவில் கேட்பதும், கட்டணம் செலுத்திக் கேட்பதும் நமக்குப் புதிதல்ல. எளியவருக்குப் பாட்டைக் கொண்டுபோய்ச் சேர்த்தவை அவையே. ஆனால் அந்த ஏற்பாட்டில் மைக்செட்காரரிடம் தட்டுப்பெட்டி இருந்தது. வானொலி நிலையத்தில் தட்டு நூலகம் இருந்தது. கேசட் காலத்தில், எழுதிக் கொடுத்த பட்டியல்படி பாட்டுப் பதிந்து தந்த கடைக்காரரிடமும் சேகரிப்பு இருந்தது. கேட்டவர் ஆயிரம் பேர் என்றாலும் ஊருக்கு ஊர் ஓர் உடைமையாளர் இருந்தார். ஸ்ட்ரீமிங் அழித்தது இந்த நடு அடுக்கைத்தான். இப்போது ஒரு முனையில் நிறுவனம், மறுமுனையில் கேட்பவர். இடையில் பிரதி வைத்திருப்பவர் யாருமில்லை.

அதன் விளைவைக் கண்டுவருகிறோம். 2023-ல் உரிம ஒப்பந்தம் முடிந்ததும் ஜீ மியூசிக்கின் பாடல்கள் ஸ்பாட்டிஃபையிலிருந்து நீக்கப்பட்டன. 2024 தொடக்கத்தில் ரெஸ்ஸோ என்ற பாட்டுச் செயலி இந்தியாவில் நின்றது. அதே ஆண்டில் ஏர்டெல்லின் விங்க் மியூசிக்கும் மூடப்பட்டது. சந்தா ஒழுங்காகக் கட்டியவருக்கும் இதில் கேள்வி கேட்க இடமில்லை. உரிமையாளர் பாட்டை மாற்றவும் செய்வார். ‘ஸ்ரீவள்ளி’ வெளியான பிறகு, கதாநாயகி ருக்மிணி பாடிய பாடல்களை தயாரிப்பாளர் ஏவி. மெய்யப்பன் எடுத்துவிட்டு, பி. ஏ. பெரியநாயகியின் குரலைச் சேர்த்தார். படம் அதனால் சிறந்திருக்கலாம். ஆனால் முதலில் ஒலித்தது எது, மாற்றியது எது என்று ஒப்பிட, பழைய பிரதி வெளியே யாரிடமாவது இருக்க வேண்டும்.

தனியார் ஹார்டு டிஸ்க் பழுதாகும், நிறுவனத்தின் சேமிப்பே பாதுகாப்பானது என்பார்கள். 2008-ல் ஹாலிவுட்டில் யுனிவர்சல் வளாகம் எரிந்தபோது அங்கே சேமித்திருந்த மூல ஒலிநாடாக்களும் சாம்பலாயின. எந்தக் கிடங்கும் நிரந்தரமல்ல. இரண்டு மூன்று இடங்களில் படி எடுத்து வைப்பதே காப்பு. சேகரிப்பு என்பது திருட்டுப் பதிவிறக்கத்துக்கு வழி என்ற கண்டனம் இன்னும் கனமானது. பாடியவருக்கும் இசையமைத்தவருக்கும் சேர வேண்டிய பணத்தைப் பறிப்பது பாட்டைக் காப்பதாகாது. ஆனால் விலை கொடுத்து வாங்கிய தட்டு, கேசட், சிடி, எம்பி3 ஆகியவற்றைப் பேணுவது திருட்டல்ல. இந்தியச் சட்டத்தில் ஒலிப்பதிவுக்கான உரிமை, வெளியானதற்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகளில் முடிகிறது. வரிக்கும் மெட்டுக்கும் உரிமை தனியே தொடரலாம். உரிமை முடியும் நாளில் பிரதி எவரிடமும் இல்லையென்றால், பொதுச்சொத்தான பாட்டு பெயரளவில்தான் பொதுச்சொத்து.

ஆகவே சந்தாவை விடச் சொல்லவில்லை. புதிய பாட்டைத் தேடவும், கேட்டுப் பார்த்துக் கழிக்கவும் அதைவிட மலிவான வழி கிடையாது. ஆனால் எந்தப் பாடல்கள் இல்லாமல் போனால் நம் ஊருக்கு இழப்போ, அவற்றை விலை கொடுத்து வாங்கிச் சொந்தமாக வைத்துக்கொள்ள வேண்டும். பாடியவர், இசையமைப்பாளர், படம், ஆண்டு ஆகியவற்றைக் குறித்து வைக்க வேண்டும். தென்கரைக்காரர் குரலைக் காக்கும் பொறுப்பு முதலில் சோழவந்தானுக்கு உண்டு. ஊர் நூலகமும் பள்ளியும் இதில் கைகொடுத்தால், முன்பு மைக்செட்காரரின் தட்டுப்பெட்டி செய்த வேலையை ஓர் ஊரே சேர்ந்து செய்யலாம்.